ரோதமுனியின் சுருட்டு

மலையில் லொறி இறக்குவதைப் பற்றிக் கொழும்பில் இருக்கிறவனுக்கு என்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. எனக்கும் தெரியாது. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் முப்பது வருஷமாகப் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிற நாகேந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் கடதாசியும் மையும்தான். தெரியாதவன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

என் கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் முத்துலிங்கம் குடியிருந்தார். ஐம்பத்தொரு வயது. புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இருபது வயதில் லொறிக் கிளீனராகி, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். ஒரே கம்பனியில் பத்தொன்பது வருஷம் சாரதி. வாரத்தில் மூன்று தரம் நுவரெலியாவுக்கு மேலே போய், தொழிற்சாலைகளில் தேயிலைப் பொதிகளை ஏற்றிக்கொண்டு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற களஞ்சியத்துக்குக் கொண்டுவருவார். மனைவி ஆறாயி விடிய முன்னமே எழும்பி இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறவர். ஒரே மகள் துஷாந்தினி புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் பில் போடுகிறாள். மூன்று பேரும் நாள் முழுக்க மாய்கிற வீடு. என் மனைவி செத்த பிறகு என் காலைச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. அதனால்தான் எனக்கு இவ்வளவு வயிறு எரிகிறது.

வேலையில்லாத நாட்களில் முத்துலிங்கம் என் கடை வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆள் பெரிய பேச்சுக்காரர் இல்லை. மலையிறக்கத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறக்கும்.

“ஏறுறது ஒண்ணுமில்லண்ணே. லொறி கொஞ்சம் திணறும், அவ்வளவுதான். எறங்குறதுதான் வேலை. எந்தக் கியர்ல ஏறுனோமோ அதே கியர்லதான் எறங்கணும். எஞ்சின்தான் லொறியப் புடிக்கணும், காலு புடிக்கக் கூடாது. பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தீங்கன்னு வைங்க, டிரம்மு சுட்டுப்போகும். சுட்டுப்போச்சுன்னா பெடல் கல்லு மாதிரி நிக்கும். லொறி மட்டும் நிக்காது.”

“சூடேறினது எப்பிடித் தெரியும்?”

“மணம் வரும். கருகுன மணம். அது மூக்குக்கு வந்துருச்சுன்னா ஏற்கெனவே லேட்டு அண்ணே.”

இறம்பொடைக்கு மேலே ஒரு முடக்கில், வீதி வளைந்து ஓரம் கொஞ்சம் அகலமாக இருக்கிற இடத்தில், மரத்தடியில் ரோதமுனி இருக்கிறது. ரோதை என்றால் சக்கரம். தேயிலைத் தொழிற்சாலைகளில் சில்லு ஆளை இழுத்துவிடாமல் காக்கிற முனி அது. லொறிக்காரர்கள் அதை வீதிக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். மூன்று கல்லும் ஒரு சூலமும்தான் கோயில். பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பூசாரி அதைப் பார்த்துக்கொள்கிறார். பாரத்தோடு இறங்குகிற சாரதிகள் அங்கே நிறுத்திக் கற்பூரம் கொளுத்துவார்கள். ஒரு சுருட்டைப் பற்றவைத்து முனிக்கு முன்னால் வைப்பார்கள். சுருட்டு தானாக அணைகிற வரைக்கும் லொறியை எடுக்கக்கூடாது. சாமி குடித்துக்கொண்டிருக்கும்போது நாம் எழும்பிப் போவது மரியாதை இல்லையாம். பத்து நிமிஷமாகும், சில நாள் பன்னிரண்டும் ஆகும்.

பயணப் புத்தகத்தில், இடையில் நிறுத்தினால் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. எல்லாச் சாரதிகளும் அதில் ‘கோயில்’ என்று எழுதினார்கள். முத்துலிங்கமும் பத்தொன்பது வருஷமாக அதையே எழுதினார். ஒருவரும் ஏனென்று கேட்டதில்லை.

பிறகு கம்பனி எல்லா லொறிக்கும் ஜி.பி.எஸ். பூட்டியது. வெள்ளவத்தையில் ஒரு குளிரூட்டிய அறையில் இருந்துகொண்டு, எந்த லொறி எந்த முடக்கில் எத்தனை நிமிஷம் நிற்கிறது என்று பார்க்கிற வேலையை ராகுலன் என்ற பெடியனுக்குக் கொடுத்தார்கள். முப்பது வயது. படித்த பிள்ளை, மரியாதையான பிள்ளை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் மலையில் லொறி இறக்கியதில்லை. நானுந்தான் இறக்கியதில்லை.

கடிதங்கள் வரத்தொடங்கின. ஆங்கிலக் கடிதம் என்பதால் ஆறாயி என்னிடம் கொண்டுவருவார். நான் வாசித்துச் சொல்லி, ஒரு கொப்பியும் அடித்து வைத்துக்கொள்வேன். அது என் தொழில் புத்தி. ‘அனுமதியின்றி வாகனத்தை நிறுத்தியமை. பதினொரு நிமிடம். காரணம்: கோயில்.’ முதலாவது கடிதம் எச்சரிக்கை. இரண்டாவது கடும் எச்சரிக்கை. மூன்றாவதில், இனி ஒரு தடவை நடந்தால் வேலையிலிருந்து நீக்கப்படுவீர் என்று கிடந்தது.

“நெசமா நிப்பாட்டிருவாங்களா அண்ணே?”

“அப்பிடித்தான் எழுதிக் கிடக்கு, தங்கச்சி.”

“நானும் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன், நிக்காதீங்கன்னு. சாமிக்குச் செய்யாம எப்பிடி எறங்குறதுங்கிறாரு. இந்த வயசுல வேலை போனா வேற எவன் எடுப்பான்? துசா கல்யாணம் கெடக்கு.”

அன்றைக்கு எனக்கு மெஷினில் கடதாசி சிக்கி, கையெல்லாம் மை. வெக்கை வேறு. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“சாமிக்குத் தேவை சுருட்டுத்தானே? அதை இவர்தான் நிண்டு கொளுத்த வேணுமோ? பூசாரியிட்டைப் போன் இருக்கும். போனிலை காசை அனுப்பிவிட்டால் அந்தாள் கொளுத்தி வைக்குது. கனடாவிலை இருக்கிற சனம் இஞ்சத்தைக் கோயிலுகளுக்கு அப்பிடித்தானே செய்யுது?”

பகிடிக்குத்தான் சொன்னேன். ஆறாயி சிரிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துப் பூசாரியின் இலக்கத்தோடு வந்தார். அன்றிலிருந்து மாதா மாதம் என் கடையிலிருந்துதான் ரோதமுனிக்குக் காசு போனது. பொத்தானை அமத்தினது இந்தக் கைதான்.

“சாமிக்குப் போயிருச்சா அண்ணே?”

“போட்டுது, போட்டுது. மெசேஜும் வந்திட்டுது. முனி இப்ப நல்ல வசதி.”

முத்துலிங்கம் முதலில் முரண்டுபிடித்தார் என்று துஷாந்தினி சொன்னாள். ஆறாயி அவருடைய கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாராம், இனி அந்த முடக்கிலோ வழியில் வேறெங்குமோ நிற்பதில்லை என்று. மனுஷன் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டார். லொறி வருகிறபோது இரண்டு தரம் ஹோர்ன் அடிப்பார். பூசாரி சுருட்டைக் கொளுத்தி வைத்துவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டுவாராம். ஏழு மாதம் அப்படியே ஓடியது. கடிதம் வருவதும் நின்றது. ஆறாயியின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நானும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டவன்போலத் திரிந்தேன்.

ஏப்ரலில், நுவரெலியாச் சீசன் நேரம், அது நடந்தது. மலை முழுக்கக் கொழும்புக் கார்களும் வான்களும். மழை வேறு. ஒன்பது தொன் தேயிலையோடு முத்துலிங்கம் அந்த நெரிசலுக்குப் பின்னால் இறங்கியிருக்கிறார். முன்னால் போகிற வான்காரன் நீர்வீழ்ச்சியைக் கண்டால் பிரேக் அடிப்பான். இவரும் அடிக்க வேண்டும். ரோதமுனியைத் தாண்டி மூன்றாவது முடக்கில் மணம் வந்தது. பெடலை மிதித்தார், கல். கியரைக் குறைக்கப் பார்த்தார். அது விழாமல் நியூட்ரலில் நின்றுவிட்டது. இடது பக்கம் பள்ளம், கீழே வளைவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய பஸ். வலது பக்கத்து மண்மேட்டில் லொறியைக் கொண்டுபோய்ச் சாத்தினார். மேட்டுக்கும் லொறிக்கும் நடுவில் ஒரு சோளக் கொட்டில் இருந்தது.

அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்தவர் பெயர் ஹுசைன். நாற்பது வயது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. முத்துலிங்கத்துக்கு இரண்டு விலா எலும்பு முறிந்ததோடு சரி.

அடுத்த நாள் மோட்டார் பரிசோதகர் வந்து லொறியைப் பார்த்தார். காற்று ஏற்றி, உருட்டி, மிதித்துப் பார்த்துவிட்டு “பிரேக் ஹொந்தாய்” என்றாராம். நல்லாய்த்தான் இருக்கும், ஏன் இருக்காது? ஓர் இரவு முழுக்க மலைக் குளிரில் கிடந்த பிரேக். கெட்டுப்போனது பிரேக் இல்லை, சூடு. அந்தச் சூடு விடியமுன் போய்விட்டது. பொலிஸ் புத்தகத்தில், பிரேக்கில் பிழையில்லை, சாரதியின் கவனயீனம் என்று ஏறிவிட்டது.

பிணையில் வீட்டுக்கு வந்த முத்துலிங்கத்தைப் பார்க்கப் போனேன். நெஞ்சைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். ஆறாயி தண்ணிக் குழாயடிக்குப் போயிருந்தார்.

“சாமிக்குக் குறையில்லாமல்தானே செய்தது, முத்துலிங்கம்? பிறகேன் இப்பிடி?” என்றேன், விசரன்.

அவர் வாசலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “அது சாமிக்கு இல்லண்ணே. பிரேக்குக்கு.”

“என்ன?”

“சுருட்டு அணையிற வரைக்கும் டிரம்மு ஆறும். அதுக்குத்தான் நிக்கிறது. பழைய ஆளுங்க அப்பிடி வச்சிருக்காங்க. சும்மா நில்லுன்னா எவன் நிப்பான்? சாமின்னா நிப்பான்.”

“அப்ப ஏன் கோயில் எண்டு எழுதினனீர்? பிரேக் எண்டு எழுதியிருக்கலாமே!”

“பிரேக்குன்னு எழுதுனா லொறிய கராச்சுக்கு அனுப்பிருவாங்க. மூணு நாளைக்கு ஓட்டம் இல்ல, படி இல்ல. கோயில்னு எழுதுனா யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. எல்லாரும் அப்பிடித்தாண்ணே எழுதுனோம்.”

“ராகுலனுக்காவது சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேனே. பத்தொம்பது வருசமா கோயில்னு எழுதிட்டு இப்ப பிரேக்குன்னு சொல்றீங்களேன்னு சிரிச்சாரு.”

“சரி, கடிதம் இருக்குதானே. மூண்டு கடிதம். நிக்காதை எண்டு சொன்னது கம்பனி. அதைக் கோட்டிலை காட்டுவம். இதுக்கு அவையளும் பதில் சொல்லட்டும்.”

முத்துலிங்கம் என் கையைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவருக்கே நெஞ்சு நொந்தது தெரிந்தது. “வேணாம்ணே. காட்டுனா, பொறவு ஏன் நிக்காம வந்தேன்னு கேப்பாங்க. ஆறாயி சத்தியம் வாங்குனது, காசு அனுப்புனது எல்லாம் வெளிய வரும். அவ சாமிக்குச் செய்யிறதா நெனச்சு மனசாரச் செஞ்சா. அதுனாலதான் ஒரு மனுசன் செத்தான்னு தெரிஞ்சா அவ தாங்குவாளா? நீங்களே சொல்லுங்க. அவகிட்ட மூச்சு விட்டுறாதீங்க.”

காசு அனுப்பச் சொன்னது நான் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகல் ராகுலன் வந்தான். ஒரு பை தோடம்பழம், கையில் கடதாசிகள் வைத்த ஒரு கோவை. ஆறாயி தேத்தண்ணி கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

“அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கம்பனி உங்களைக் கைவிடாது. லோயர் கம்பனியின்ரை ஆள். செத்த ஆளின்ரை குடும்பத்தோடையும் நாங்கள் கதைப்பம். நீங்கள் இதிலை ஒரு கையெழுத்துப் போட்டால் காணும்.”

வாங்கி வாசித்தேன். சிங்களத்தில் அடித்திருந்தது. ‘நான் என் சொந்தத் தீர்மானத்தின்படி இடையில் நிறுத்தாமல் வாகனத்தைச் செலுத்தினேன். நிறுத்த வேண்டாமென எவரும் எனக்கு அறிவுறுத்தவில்லை.’

“எவரும் சொல்லேல்லையோ? அப்ப மூண்டு கடிதம் ஆர் எழுதினது? பேயோ?”

“ஐயா, நீங்கள் இதுக்குள்ளை வராதேங்கோ. கடிதத்திலை என்ன கிடக்கு? கோயிலிலை மினக்கெட வேண்டாம் எண்டு கிடக்கு. அது குற்றமோ?” அவன் குரலைத் தாழ்த்தினான். “எனக்கும் மேலை ஆக்கள் இருக்கினம், ஐயா. எத்தனை நிமிஷம் எண்டு அவையள்தான் என்னை நெருக்கினவை. அண்ணை, அந்தக் கடிதங்களையும் தந்தியள் எண்டால் நல்லது. லோயர் கேட்டவர்.”

“குடுக்காதையும், முத்துலிங்கம்!” என்று கத்தினேன். “கையெழுத்துப் போட்டீர் எண்டால் உள்ளுக்குத்தான். விளங்குதோ? லைசனும் போய்விடும்.”

முத்துலிங்கம் பேனைக்குக் கையை நீட்டினார். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது. எதற்கும் வாய் கொடுக்கிற ஆறாயி, மாநகரசபைக்காரனையே ஒழுங்கை முனை வரைக்கும் ஏசி விரட்டுகிற ஆறாயி, வெளியே வந்து அலுமாரியைத் திறந்து, மூன்று கடிதங்களையும் எடுத்து ராகுலனின் கையில் கொடுத்தார். ஒரு சொல் சொல்லவில்லை. பாவம், படிப்பறிவில்லாத மனுஷி, புருஷன் செய்தால் சரியென்று நினைத்துவிட்டாள் என்று எனக்குள் நொந்துகொண்டேன்.

“வேறை கொப்பி ஏதும் இருக்கோ?” ராகுலன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

“இல்லை,” என்றேன்.

முத்துலிங்கம் கையெழுத்துப் போட்டார். நெஞ்சுக் கட்டோடு குனிய முடியாமல், கோவையைச் சுவரில் வைத்துப் போட்டார்.

வழக்கு மலையில் நடந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டதால் அதிக நேரம் எடுக்கவில்லை. கம்பனி லோயர் எழும்பி, வயதைப் பாருங்கள், குடும்பத்தைப் பாருங்கள் என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டு இருந்துவிட்டார். இரண்டு வருஷம் சிறை. லைசன் ரத்து. வேலை நீக்கக் கடிதம் அந்தக் கிழமையே வீட்டுக்கு வந்தது, அதற்குக் காசு வாங்கி வைத்திருந்தவன்போலத் தபால்காரன் நேரத்துக்குக் கொண்டுவந்தான், கோதாரி விழுவான்.

ஹுசைனின் மனைவி அம்னா நீதிமன்றத்துக்கு வந்திருந்தார். முத்துலிங்கத்தை வெளியே கொண்டுபோகிறபோது குறுக்கே வந்து நின்றார். அழவில்லை. விளங்கிக்கொள்ள முடியாத ஒன்றைக் கேட்கிறவராகக் கேட்டார்.

“பிரேக்கு நல்லாத்தான் இருந்திச்சின்னு சொல்றாங்களே. நல்லாருந்திச்சின்னா ஏன் நீங்க நிப்பாட்டலெ?”

முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்குப் பதில் என் தோள்பையில் இருந்தது. மூன்று தாள், மூன்றும் நல்ல தெளிவான கொப்பி. எடுத்து நீட்டியிருக்கலாம். நான் எடுக்கவில்லை. முத்துலிங்கம் வேண்டாமென்று சொன்னதால்தான் எடுக்கவில்லை என்று பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எடுத்தால், காசு அனுப்பச் சொன்னது யார் என்றும் கேட்பார்கள்.

நாலு நாள் பொறுத்தேன். சோறு இறங்கவில்லை. ஐந்தாம் நாள் மாலை கொப்பிகளை எடுத்துக்கொண்டு ஆறாயி வீட்டுக்குப் போனேன். அவர் அடுத்த நாளைக்காக மா வறுத்துக்கொண்டிருந்தார். துஷாந்தினி இன்னும் வேலையால் வரவில்லை.

“தங்கச்சி, ஒண்டு சொல்ல வேணும். சொன்னால் முத்துலிங்கம் என்னை மன்னிக்க மாட்டார். எண்டாலும் சொல்லத்தான் வேணும். அந்தச் சுருட்டு சாமிக்கில்லை, பிரேக் ஆறுறதுக்கு. உமக்கு அது தெரியக்கூடாது எண்டுதான் அவர் கையெழுத்துப் போட்டவர். காசை அனுப்பச் சொன்ன பாவி நான். ஏசிறதெண்டால் என்னை ஏசும்.”

ஆறாயி அகப்பையை நிறுத்தவில்லை. “தெரியும்ணே.”

“என்ன தெரியும்?”

“கல்யாணம் கட்டுன மாசம் என்னய லொறியிலதான் கொழும்புக்குக் கூட்டியாந்தாரு. முனிகிட்ட நிப்பாட்டி, டிரம்முல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டுக் காட்டுனாரு. சுர்ருன்னுச்சு. சாமி சுருட்டு குடிக்கிற நேரத்துல லொறி காத்துக் குடிக்குதுன்னாரு. சொன்னத அவரு மறந்துட்டாரு. நான் மறக்கல.”

“அறிஞ்சுகொண்டோ சத்தியம் வாங்கினனீர்?”

“மூணாவது கடுதாசி வந்துருச்சுல்ல. வேலை போயிருமேன்னுதாண்ணே கண்ணுக்கு முன்னால நின்னுச்சு. மொதத் தடவ நிக்காம வந்தப்ப, வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் பச்சத்தண்ணி குடிக்கல. ஒண்ணும் ஆகல. பொறவு ஒரு மாசம், ரெண்டு மாசம். போகப் போக எனக்கே, அனுப்புற காசுக்குச் சாமிதான் காப்பாத்துதுன்னு ஆயிருச்சு.”

“அப்ப அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை? கடிதத்தை ஏன் எடுத்துக் குடுத்தனீர்?”

மா தீய்கிற மணம் வந்தது. அடுப்பை அணைத்தார். அணைத்துவிட்டும் என்னைப் பார்க்கவில்லை.

“வழக்குன்னு நடந்தா என்னய கூண்டுல ஏத்திக் கேப்பாங்க. தெரிஞ்சுக்கிட்டே ஏம்மா சத்தியம் வாங்குனன்னு கேப்பாங்க. அந்தப் பொம்பள, செத்தவரு பொஞ்சாதி, முன்னால ஒக்காந்திருக்கும். நான் என்னாத்தச் சொல்றது? அவரு ரெண்டு வருசம் உள்ள இருந்துட்டு வந்துருவாருன்னு நெனச்சேன். அத என் வாயால சொல்றதவிட இது லேசுன்னு நெனச்சேன். அப்பிடி நெனச்சவதாண்ணே நான்.”

கொப்பிகளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“அவருகிட்டச் சொல்லிராதீங்க,” என்றார். “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் உள்ள இருக்காரு.”

அடுத்த கிழமை சிறைக்குப் பார்க்கப் போனேன். முத்துலிங்கம் மெலிந்திருந்தார். சவரம் செய்யவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வீட்டைக் கேட்டார், துஷாந்தினியைக் கேட்டார், மழை பெய்ததா என்று கேட்டார். நேரம் முடிந்தது என்று காவலாளி சொன்ன பிறகு கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தார்.

“அவளுக்கு ஒண்ணும் தெரியலல்ல, அண்ணே?”

“இல்லை,” என்றேன். “அவவுக்கு ஒண்டும் தெரியாது.”

“அது போதும்ணே,” என்று சொல்லிச் சிரித்தார். விபத்து நடந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.